நூறு டேபும் ஒரு கரண்ட் கட்டும்: முக்கி முனகும் பிரவுசரை எந்த வழியில் சரிசெய்வது?

ஐப்பசியில் எங்கள் பக்கத்து ஆன்லைன் சேவைக் கடைகளை வந்து பார்க்க வேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் பாதியில் கெடு வைப்பார்கள். வெளியே மழை விட்டபாடில்லை. உள்ளே அடங்கல், சிட்டா, பாஸ்புக் நகல், ஆதார் எல்லாவற்றையும் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துவந்த இருபது பேர். அந்த நேரம் பார்த்துத்தான் பிரவுசர் மூச்சு வாங்கும். ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் வர யோசிக்கும். டேப் மாற்றினால் வெள்ளைப் பக்கம். மூடித் திறந்தால் இன்னும் மோசம்.

"அண்ணே, கேஷ் எல்லாம் க்ளியர் பண்ணியாச்சு, ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. அப்பவும் முக்குது." கும்பகோணம் பக்கம் கடை நடத்தும் தங்கை ஒருவர் போன சீசனில் போனில் சொன்னது இது. அதே மாதத்தில் மன்னார்குடியில் ஒரு வக்கீல் குமாஸ்தா, தஞ்சாவூரில் ஓர் ஆய்வு மாணவர் என்று இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். மூவருக்கும் யாரோ ஒருவர் ஏற்கெனவே வைத்தியம் சொல்லியிருந்தார், ஆளுக்கு ஒன்றாக. ஒருவருக்கு "செஷன் ஃபைலை டெலிட் பண்ணு", இன்னொருவருக்கு "ரீஃப்ரெஷ் பண்ணு", மூன்றாமவருக்கு "இந்தச் சிஸ்டத்தைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு".

மூன்றுமே தப்பில்லை. ஆனால் ஆள் மாறினால் மருந்தும் மாறும். டெல்டாவில் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வயிறு வளர்ப்பவன் என்ற முறையில், எந்த வழி யாருக்குப் பொருந்தும், ஒவ்வொன்றிலும் சொல்லாமல் விடப்படும் செலவு என்ன என்று எழுதிப் பார்க்கிறேன். பெரும்பாலும் பயர்பாக்ஸை வைத்துச் சொல்கிறேன். இந்த நோய், அதாவது திறந்த டேப்களை நினைவில் வைக்கும் செஷன் கோப்பு பெருத்துப்போவது, அதில்தான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வரும். குரோம் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

## முதலில், நோய் இதுதானா?

வைஃபையை அணைத்துவிட்டு பிரவுசரின் மெனுவைத் திறந்து மூடிப் பாருங்கள், நான்கைந்து டேப் மாற்றிப் பாருங்கள். நெட் இல்லாதபோதும் திக்கினால் நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை, கோளாறு உள்ளேதான்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் நீங்கள் கூடுதலாகச் சேர்த்த துணைச் செயலி. பயர்பாக்ஸின் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோட் என்று ஒன்று உண்டு. அதில் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தூங்கிவிடும், ஆனால் உங்கள் டேப்களும் செஷனும் அப்படியே இருக்கும். அங்கே வேகமாக ஓடினால் குற்றவாளி ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன். அங்கேயும் முக்கினால் சந்தேகம் செஷன் பக்கம் திரும்புகிறது.

உறுதிப்படுத்த, முகவரிப் பட்டியில் அபவுட் புரொஃபைல்ஸ் (about:profiles) பக்கத்தைத் திறந்து புதிதாக ஒரு புரொஃபைல் (டேப், புக்மார்க், அமைப்புகள் எல்லாம் குடியிருக்கும் வீடு) உண்டாக்கி அதைத் தனியாக ஓடவிடுங்கள். பழையது அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம். அதே கம்ப்யூட்டரில், அதே நெட்டில் புதியது பறந்தால், கம்ப்யூட்டர் மாற்றச் சொன்னவரிடம் நன்றி சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

கடைசியாக எடை போடுவது. ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தில் புரொஃபைல் ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. உள்ளே செஷன்ஸ்டோர் பேக்கப்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதில் ரெகவரி என்று தொடங்கும் கோப்பின் அளவைப் பாருங்கள். இருபது முப்பது டேப் வைத்திருப்பவரிடம் சில நூறு கே.பி.தான் நான் பார்த்திருக்கிறேன். 10 எம்.பி.யைத் தாண்டினால் எனக்குப் புருவம் உயரும். அதுவும் சுருக்கி வைத்த அளவு, விரித்தால் இன்னும் பெருகும். அதே ஃபோல்டரில் அப்கிரேட் என்ற பெயரில் சில பெரிய கோப்புகள் இருக்கலாம். பதிப்பு மாறும்போது எடுத்து வைக்கும் நகல்கள் அவை. இடத்தை அடைப்பதோடு சரி, வேகத்தைக் கெடுப்பதில்லை.

## உள்ளே என்னதான் சேருகிறது?

செஷன் கோப்பு என்பது பிரவுசர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. திடீரென்று கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமே, அதற்காக. பயர்பாக்ஸ் இதை 15 நொடிக்கு ஒரு முறை எழுதுகிறது. ஏதாவது மாறியிருந்தால்தான் எழுதும், ஆனால் எழுதும்போது மாறிய வரியை மட்டும் எழுதாமல் முழுக் கதையையும் முதலிலிருந்து எழுதும். அதனால்தான் கோப்பு பெருத்தவர்களுக்குத் தட்டச்சு செய்யும்போது சீரான இடைவெளியில் ஒரு திக்கல் வருகிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். குரோம் இப்படி இல்லை. நடந்ததை ஒவ்வொன்றாகக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும், அவ்வப்போதுதான் திருத்தி எழுதும். ஆகவே குரோமில் வேலை நடுவில் திக்கல் குறைவு, காலையில் திறக்கும்போதுதான் அவஸ்தை.

டேபின் முகவரி மட்டும்தான் அதில் இருக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். தலைப்பு, பின்னால் போக வேண்டிய பழைய பக்கங்கள் (டேபுக்குப் பத்து வரை), எந்த இடம் வரை உருட்டினீர்கள், பாதி நிரப்பிய படிவத்தில் இருந்த எழுத்துகள், அந்தத் தளம் தற்காலிகமாக வைத்த தரவு, டேபின் சின்னப் படம் எல்லாம் சேரும். நீங்கள் மூடிவிட்ட டேப்களும் சேரும். திரும்பத் திறக்க வசதியாக விண்டோ ஒன்றுக்கு 25 மூடிய டேப்களைப் பயர்பாக்ஸ் நினைவில் வைக்கிறது. மூடிய விண்டோக்கள் சிலவற்றையும் அவற்றின் டேப்களோடு வைத்திருக்கிறது. "எல்லாத்தையும் மூடிட்டேனே" என்பவர்களுக்குக் கோப்பு உடனே இளைக்காததன் காரணம் இதுதான்.

இன்னொரு குழப்பம். பயர்பாக்ஸ் பழைய டேப்களைத் திறக்கும்போது எல்லாவற்றையும் ஏற்றாது, நீங்கள் தொட்ட பிறகுதான் ஏற்றும். ஆகவே 200 டேப் இருந்தாலும் ரேமில் பாரம் தெரியாது. ஆனால் தூங்கும் டேபும் நாட்குறிப்பில் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கிறது. குரோமில் மெமரி சேவர் போட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அது குறைப்பது ரேம் செலவை, செஷனை அல்ல. கேஷ் (பார்த்த பக்கங்களின் தற்காலிக நகல்) அழிப்பதும் அப்படித்தான். கேஷ் ஒரு கிடங்கு, செஷன் வேறொரு கிடங்கு. ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் மற்றதில் தூசு போகாது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நான் பார்ப்பது ஐந்து விஷயம். முதலாவதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது.

கரண்ட் போனால் என்ன மிஞ்சும்? மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவதை முந்தைய நாளே சொல்லிவிடுகிறார்கள், அதைச் சமாளிக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் யாரும் சொல்லிவிட்டு வருவதில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கரண்ட்டுக்காக நாள் கணக்கில் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல யு.பி.எஸ். இருப்பவரும் இல்லாதவரும் ஒரே முடிவை எடுக்க முடியாது.

கூடவே எது போகும்? லாகின், பாப்-அப் அனுமதி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்காக (யு.எஸ்.பி.யில் செருகும் சாவி) செய்த அமைப்பு.

தவறினால் திரும்ப முடியுமா?

எத்தனை நாள் தாங்கும்? வாய்க்காலைத் தூர் வாரினால் அடுத்த வருஷம் மறுபடி வண்டல் சேரும். அது வாய்க்காலின் குற்றமில்லை. ஆனால் அடுத்த வாரமே தூர்ந்துபோகும் என்றால் வாரிய விதம் சரியில்லை.

அடுத்தவர் கண்ணில் படுமா? பலர் புழங்கும் கடைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் இது முக்கியம், அங்கே மிக முக்கியம்.

| வழி | கரண்ட் போனால் | சொல்லாமல் போகும் செலவு | திரும்ப முடியுமா | தாங்கும் காலம் |
|---|---|---|---|---|
| புக்மார்க்காக்கி மூடுவது | முகவரி பத்திரம் | பாதி நிரப்பிய படிவம் போகும், ஒரு மணி நேர வேலை | முடியும் | பழக்கத்தைப் பொறுத்தது |
| செஷன் கோப்பை அகற்றுவது | அன்று முதல் வழக்கம்போல் மீளும் | எல்லா டேபும் ஒரே அடியில் போகும் | நகல் வைத்திருந்தால் | சில மாதம் |
| தினமும் புதிதாகத் தொடங்குவது | பயர்பாக்ஸ் விபத்து மீட்பு தனியாக இருக்கும் | காலையில் எல்லா லாகினும் மறுபடி | எப்போது வேண்டுமானாலும் | நிரந்தரம் |
| எண்களை மாற்றுவது | கடைசி ஒரு நிமிடம் போகலாம் | எடை அப்படியே இருக்கும் | எளிது | ஒட்டுப் போட்ட மாதிரி |
| ரீஃப்ரெஷ் அல்லது புதிய புரொஃபைல் | வழக்கம்போல் | எக்ஸ்டென்ஷன், அனுமதிகள், டோக்கன் அமைப்பு | பாதி | புதிய புரொஃபைல் என்றால் நீண்ட நாள் |
| டேப் சேமிக்கும் எக்ஸ்டென்ஷன் | பட்டியல் பத்திரம் | எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பட்டியலும் போகும் | ஏற்றுமதி செய்திருந்தால் | நீண்ட நாள் |

## புக்மார்க்காக்கி மூடுவது

என் முதல் சிபாரிசு இதுதான், கேட்பவர்களுக்குப் பிடிக்காததும் இதுதான். எல்லா டேபையும் தேர்ந்தெடுத்து ஒரே ஃபோல்டரில் புக்மார்க் போடலாம், கன்ட்ரோல், ஷிஃப்ட், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஃபோல்டருக்குத் தேதியைப் பெயராக வையுங்கள். பிறகு மூடுங்கள்.

மூடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்டோவை அப்படியே மூடினால் நூறு டேபும் சேர்ந்து 'மூடிய விண்டோ' என்ற பெயரில் நாட்குறிப்பிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரு டேபை வைத்துக்கொண்டு மற்ற டேப்களை மூடு என்பதைச் சொடுக்கினால் கடைசி 25 மட்டும் மிஞ்சும், மீதி உண்மையிலேயே போய்விடும். அந்த 25-ம் வேண்டாமென்றால் ஹிஸ்டரியை அழிக்கும்போது மூடிய டேப் பட்டியலும் சேர்ந்து அழியும். ஆனால் ஹிஸ்டரியும் போகுமே, அது தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் அந்த 25-ஐ விட்டுவிடுவேன்.

மூடுவதற்கு முன் நூறு டேபில் எத்தனை நெல், எத்தனை பதர் என்று தூற்றிப் பார்க்கலாம். மன்னார்குடி குமாஸ்தாவிடம் 140 டேப் இருந்தன. அதில் பெரும்பகுதி வில்லங்கச் சான்று, பட்டா தேடிய பக்கங்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். லாகின் காலாவதியாகிவிட்டது, மறுபடி நுழையுங்கள் என்றுதான் வந்தது. காரணம் எளிது. செஷன் என்ற ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். உங்கள் பிரவுசர் வைத்திருப்பது ஒரு செஷன், அந்தத் தளத்தின் சர்வர் உங்களுக்கு ஒதுக்கியது இன்னொன்று. சர்வர் பக்கத்துச் செஷன் சற்று நேரத்தில் செத்துவிடும். பிரவுசர் மட்டும் அதன் சட்டையை மாதக்கணக்கில் மடித்து வைத்திருக்கும். புக்மார்க் போட்டாலும் அந்த முகவரியில் பயன் இல்லை. அப்படிப்பட்ட பக்கத்துக்குச் சரியான சேமிப்பு அன்றைக்கே பி.டி.எஃப். ஆக இறக்கி, சர்வே எண்ணைப் பெயராக வைப்பதுதான்.

எப்போது இது சிறந்தது: டேப்களில் பெரும்பாலானவை படிக்க வைத்திருக்கும் கட்டுரைகள், செய்திகள், வீடியோக்கள் என்றால். ஒரு மணி நேரம் உட்காரப் பொறுமையும் வேண்டும்.

## செஷன் கோப்பை அகற்றுவது

வேகமான வைத்தியம், அறுவை சிகிச்சை மாதிரி. பயர்பாக்ஸை முழுவதும் மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டரில் இருக்கும் செஷன்ஸ்டோர் கோப்பையும் செஷன்ஸ்டோர் பேக்கப்ஸ் ஃபோல்டரையும் டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். டெலிட் செய்யாதீர்கள், நகர்த்துங்கள். அடுத்த முறை வெற்றுப் பக்கத்தோடு புதிதாகத் திறக்கும். புக்மார்க், கடவுச்சொல், ஹிஸ்டரி எல்லாம் அப்படியே இருக்கும். குரோமில் யூசர் டேட்டாவுக்குள் இருக்கும் டிஃபால்ட் ஃபோல்டரில் செஷன்ஸ் என்ற ஃபோல்டர் இதற்கு ஈடு.

இதில் நான் பட்ட அனுபவம் இரண்டு. ஒரு முறை விண்டோவை மூடிவிட்டு அவசரமாகக் கோப்பை எடுத்துவிட்டேன், ஆனால் பிரவுசர் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது அடங்கும்போது தன் நினைவில் இருந்ததை எல்லாம் மறுபடி எழுதி வைத்துவிட்டுப் போனது. திறந்தால் அதே நூறு டேப்! அதிலிருந்து டாஸ்க் மேனேஜரில் பெயர் மறைந்ததைப் பார்த்த பிறகுதான் கை வைப்பேன். குரோம் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் அமைப்பு அதில் உண்டு.

இன்னொரு முறை நகல் எடுக்காமல் ஷிஃப்ட் டெலிட் அடித்துவிட்டேன். ஒரு வாத்தியார் மூன்று வாரம் சேர்த்து வைத்த பாடக் குறிப்புப் பக்கங்கள். ஹிஸ்டரியைத் தோண்டி முக்கால்வாசியை மீட்டேன், காசு வாங்கவில்லை, காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நகல் இருந்தால் திரும்புவது சுலபம். பயர்பாக்ஸை மூடி, நகர்த்தி வைத்த செஷன்ஸ்டோர் கோப்பை, பெயரை மாற்றாமல், புரொஃபைல் ஃபோல்டரில் திரும்ப வைத்துத் திறந்தால் பழைய டேப்கள் வந்து நிற்கும்.

எப்போது இது சிறந்தது: வாடிக்கையாளர் வரிசையில் நிற்கிறார், இப்போதே ஓட வேண்டும் என்ற நேரம். கோப்பே கெட்டுப்போய் பிரவுசர் திறந்தவுடன் உறைந்துபோகும் நிலைக்கும் வேறு வழி கிடையாது, புக்மார்க் போடவே அது விடாதே.

## தினமும் புதிதாகத் தொடங்குவது

அமைப்புகளில் 'முந்தைய விண்டோக்களையும் டேப்களையும் திற' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுவது. குரோமில் 'விட்ட இடத்திலிருந்து தொடர்' என்பதை மாற்றிப் புதிய டேப் பக்கம் என்று வைப்பது.

இதை எடுத்தால் கரண்ட் போனதும் எல்லாம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பயர்பாக்ஸில் விபத்து மீட்பு தனி ஏற்பாடு. இயல்பாக மூடினால் மறுநாள் வெற்றுப் பக்கம், கரண்ட் போய்த் திடீரென்று செத்தால் அடுத்த முறை தானாகவே மீட்கும், அல்லது மீட்கட்டுமா என்று கேட்கும். டெல்டாவில் இருப்பவருக்கு இதைவிட வசதியான இணைப்பு கிடையாது என்பேன். குரோமும் திடீரென மூடிய பிறகு மீட்கட்டுமா என்று ஒரு சின்னப் பெட்டியில் கேட்கும். அவசரத்தில் அதை மூடிவிட்டால் ஹிஸ்டரி மெனுவில் போய்த் தேட வேண்டியிருக்கும்.

செலவு காலையில் தெரியும். டேப்களைத் தொடர்ந்து வைத்திருக்கும் அமைப்பில், பிரவுசரை மூடினால் போய்விட வேண்டிய தற்காலிகக் குக்கிகளும் (தளம் உங்களை அடையாளம் காண வைக்கும் சிறு குறிப்புகள்) சேர்ந்து மீள்கின்றன. அதனால்தான் பல தளங்களில் நேற்றைய லாகின் அப்படியே நிற்கிறது. டிக்கை எடுத்தால் அந்த வசதி போகும், ஒவ்வொரு தளத்திலும் மறுபடி ஓ.டி.பி.

கடை வைத்திருப்பவருக்கு அந்த வசதிதான் ஆபத்து. முதல் வாடிக்கையாளர் லாக் அவுட் செய்யாமல் போகிறார், மாலையில் கடையை மூடுகிறீர்கள், காலையில் திறந்தால் அவர் கணக்கு அடுத்தவர் முன்னால் திறந்து நிற்கிறது. கும்பகோணம் தங்கைக்கு நான் சொன்னது: இந்த டிக் இருக்கவே கூடாது, அதோடு வாடிக்கையாளர் வேலை முழுவதும் பிரைவேட் விண்டோவில். அதில் திறந்த டேப்கள் செஷன் கோப்பில் ஏறவே ஏறாது, கோப்பு பெருக்கவும் வழியில்லை. ஆனால் கரண்ட் போனால் பிரைவேட் விண்டோவில் இருந்தது எதுவும் திரும்பாது. பாதி நிரப்பிய காப்பீட்டுப் படிவம் காற்றில். ஆகவே இந்த வழியை எடுக்கும் கடைக்கு யு.பி.எஸ். அவசியம். பாட்டரி செத்துப்போன யு.பி.எஸ்.ஸை மேசைக்கடியில் அலங்காரமாக வைத்திருப்பதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

எப்போது இது சிறந்தது: பலர் புழங்கும் கம்ப்யூட்டர். தினசரி வேலை தினசரி முடிந்துவிடும் அலுவலகம்.

## எண்களை மாற்றுவது

அபவுட் கான்ஃபிக் (about:config) பக்கத்தில் பிரவுசர் செஷன்ஸ்டோர் இன்டர்வல் என்ற வரியில் 15000 என்று இருக்கும், அது மில்லி நொடி. 60000 ஆக்கினால் நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழுதும், திக்கல் நான்கில் ஒன்றாகும். மேக்ஸ் டேப்ஸ் அன்டூ என்பதில் உள்ள 25-ஐ 5 ஆக்கலாம். இரண்டு நிமிட வேலை, வேண்டாமென்றால் அதே வரியில் பழையபடி ஆக்கும் பொத்தான் இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு முறை எழுதும் எடை குறையாது. மூட்டை அதே, தூக்கும் தடவைதான் குறைவு. கரண்ட் போனால் கடைசி 15 நொடிக்குப் பதில் கடைசி ஒரு நிமிடம் போகும். படிவம் நிரப்புபவருக்கு ஒரு நிமிடம் என்பது நான்கு பெட்டிகள். பத்து நிமிடம், அரை மணி என்றெல்லாம் ஏற்றி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மீட்பையே அணைத்துவிடலாம்.

எப்போது இது சிறந்தது: சீசன் நடுவில் மூச்சு விட நேரமில்லாதபோது, தை வரைக்கும் ஒப்பேற்ற.

## ரீஃப்ரெஷ் அல்லது புதிய புரொஃபைல்

டிரபிள்ஷூட்டிங் பக்கத்தில் ரீஃப்ரெஷ் பயர்பாக்ஸ் என்ற பொத்தான் பெரிதாகக் கண்ணில் படும், அதனால் எல்லோரும் அதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். இந்த நோய்க்கு அது சரியான மருந்து இல்லை. ரீஃப்ரெஷ் செய்தால் புக்மார்க், கடவுச்சொல், குக்கி இவற்றோடு திறந்திருக்கும் விண்டோக்களையும் டேப்களையும் அது பத்திரமாகப் புதிய வீட்டுக்கு எடுத்துப்போகும். நீங்கள் தொலைக்க நினைத்த பாரமே கூட வந்துவிடுகிறது. வேண்டியவைதான் போகும்: எக்ஸ்டென்ஷன்கள், தளங்களுக்குக் கொடுத்த பாப்-அப் அனுமதி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்காகச் சேர்த்த பாதுகாப்புச் சாதன அமைப்பு. ரசீது பாப்-அப்பில் வரும் தளங்களில் ரசீது ஏன் வரவில்லை என்று அப்புறம் அரை நாள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். பழைய புரொஃபைலின் நகலை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வைத்துவிட்டுப் போகும், அது மட்டும் ஆறுதல்.

புதிய புரொஃபைல் அப்படியல்ல, அது உண்மையிலேயே காலி வீடு. பழையதை இடிக்காமல் பக்கத்திலேயே கட்டிக்கொள்ளலாம். சிங்க் (sync) கணக்கு இருந்தால் புக்மார்க்கும் கடவுச்சொல்லும் தாமாக வந்துவிடும். டோக்கன் அமைப்பை மட்டும் மறுபடி செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நண்பர்களுக்கு நான் சொல்வது: தாக்கலுக்கான கடைசித் தேதி நெருங்கும்போது இதைத் தொடாதீர்கள்.

எப்போது இது சிறந்தது: செஷன் கோப்பை எடுத்த பிறகும் மந்தம் தீரவில்லை என்றால். சொந்த வேலைக்கு ஒரு புரொஃபைல், கடை வேலைக்கு ஒன்று என்று பிரிக்க நினைப்பவருக்கும் இது நல்ல சாக்கு.

## டேப் சேமிக்கும் எக்ஸ்டென்ஷன்

ஒரு சொடுக்கில் எல்லா டேபையும் பட்டியலாக்கி மூடிவிடும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. தஞ்சாவூர் ஆய்வு மாணவருக்கு இதைத்தான் கொடுத்தேன். அவரிடம் கல்வெட்டுப் பாடங்கள், மின்னூலாக்கிய பழைய புத்தகங்கள் என்று 300 டேப், தலைப்புவாரியாக ஆறு விண்டோவில். அவருக்கு எல்லாமே நெல்தான், பதர் கிடையாது. விண்டோவுக்கு ஒரு பெயர் கொடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய தலைப்பை மட்டும் விரிக்க முடிகிறது. புக்மார்க்கில் அந்த ஓட்டம் வராது.

அந்தப் பட்டியல் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே இருக்கிறது. எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பட்டியலும் போகும். யாரோ சொன்னார்கள் என்று ரீஃப்ரெஷ் அடித்தாலும் போகும். வாரம் ஒரு முறை ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வைக்கிறார். அதோடு, எல்லாப் பக்கங்களையும் பார்க்கும் அனுமதியை எக்ஸ்டென்ஷன் கேட்கும். வங்கி வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் நான் அதைப் போட மாட்டேன்.

## வேறு சிஸ்டம் வாங்கலாமா?

ஹார்ட் டிஸ்க் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி. மாற்றினால் பிரவுசர் மட்டுமல்ல, எல்லாமே எழுந்து ஓடும். அதை எப்போதும் சிபாரிசு செய்வேன். ஆனால் செஷன் நோய்க்காக மட்டும் மாற்றினால் கோப்பின் எடை அப்படியே இருக்கும், வலிதான் குறையும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 எம்.பி. கோப்பை 15 நொடிக்கு ஒரு முறை எழுதினால் மணிக்கு 240 தடவை, எட்டு மணி நேரத்தில் 1,920 தடவை, மொத்தம் 19 ஜி.பி.க்கு மேல். இது அதிகபட்சக் கணக்குதான், நடப்பில் குறையும். இருந்தாலும் பழைய ஹார்ட் டிஸ்க் ஏன் கிர்கிர் என்று கதறுகிறது என்பதற்கு இது போதும்.

இன்னும் விண்டோஸ் 7 ஓடும் கடைகள் நம் பக்கம் இருக்கின்றன. அதில் குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, பயர்பாக்ஸும் 115 வரிசையைத் தாண்டிப் போகாது. அந்தக் கம்ப்யூட்டரில் செஷனைச் சரிசெய்வது ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பாத்திரம் வைக்கிற கதை. அங்கே மட்டும், மாற்றச் சொன்னவர் பேச்சைக் கேளுங்கள்.

## மூவரும் என்ன செய்தார்கள்?

கும்பகோணம் தங்கை: வரிசையில் ஆள் நின்றதால் அன்றைக்குச் செஷன் கோப்பை நகர்த்தினோம், மூன்று நிமிடம். மறுநாள் தினமும் புதிதாகத் தொடங்கும் அமைப்புக்கு மாற்றிவிட்டு, யு.பி.எஸ். பாட்டரியையும் மாற்றச் சொன்னேன். இந்த சீசனில் அவரிடமிருந்து போன் வரவில்லை.

ஆய்வு மாணவர்: எக்ஸ்டென்ஷன், வாராந்திர ஏற்றுமதி. எழுதும் இடைவெளியையும் ஒரு நிமிடம் ஆக்கிக்கொண்டார். அவர் கம்ப்யூட்டர் லேப்டாப் என்பதால் கரண்ட் பயம் இல்லை.

மன்னார்குடி குமாஸ்தாவுக்குத்தான் நேரம் பிடித்தது. என்னைவிட இருபது வயது மூத்தவர், அதட்ட முடியாது. 140 டேபையும் உட்கார்ந்து பார்த்து, ஒன்பது மட்டும் உண்மையிலேயே வேண்டியது என்று கண்டுபிடித்தோம். ஒன்பதையும் பி.டி.எஃப். ஆக்கிக் கட்சிக்காரர் பெயரில் ஃபோல்டர் போட்டாயிற்று. மற்றதை எல்லாம் புக்மார்க்கில் போட்டு மூடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மேலே டேப்கள் சீப்புப் பல் மாதிரி நெருக்கி நின்றன.

"என்ன சார், மூடலையா?"

"புக்மார்க் போட்டுட்டேன் தம்பி, நீங்க சொன்ன மாதிரியே போட்டுட்டேன்" என்றார். "டேபும் இருக்கட்டுமேன்னு வச்சிருக்கேன்."